நாற்பதாயிரம் பேர் பார்த்த சோபா

"என் வீட்டு சோபாவ ஊருக்கே காட்டிட்டியே, நல்லா இருக்கியா நீ?" என்றார் டீச்சர்.

நான்காவது மாடியில் ஒரு வீட்டில் முழங்காலிட்டு மெத்தை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்த சோபாக்காரி, மெஷினை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் அழுத்தினாள்.

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"உன் பேஜைப் போய்ப் பாரு." போன் துண்டிக்கப்பட்டது.

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு சோபாக்காரி என்றுதான் பெயர். பதினோரு வருடம் ஓட்டலில் அறை துடைத்தவள். ஓட்டல் கழித்துப்போட்ட, தண்ணீர் விட்டு அழுக்கை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கி, வீடு வீடாகப் போய் சோபா, மெத்தை, கார் சீட் கழுவும் தொழிலை ஆறு வருடத்துக்கு முன் ஆரம்பித்தாள். முதலில் கதவைத் திறந்தவர் இரண்டாவது மாடியில் இருக்கும் ரிடையரான டீச்சர். அவர் வாயால் சொல்லித்தான் மற்ற வீடுகளும் திறந்தன.

வேலையைத் தொடங்குமுன் சோபாவைச் சுற்றிப் பத்துப் படமாவது எடுப்பது அவள் வழக்கம். கறை எங்கே, கிழிசல் எங்கே, எந்தக் கால் ஆடுகிறது, எல்லாம் போனில் ஏறிவிடும். வேலை முடிந்தபின் "இந்தக் கிழிசல் நீ பண்ணதுதானே" என்று யாராவது ஆரம்பித்தால் போனை நீட்டுவாள். "அழுக்கே போகலையே" என்று வழக்கடிப்பவர்களுக்காக, மெஷின் தொட்டியில் சேரும் தண்ணீரையும் வீடியோ எடுத்து வைப்பாள். எல்லாம் சண்டைக்காக எடுத்தவை. விளம்பரத்துக்கு ஆகும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தோன்றியது கூடவே இருக்கும் நாத்தனாருக்கு. மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து, "இனிமே நோட்டீஸ் குடுக்கற காலம் இல்ல அண்ணி" என்று பேஸ்புக்கில் தொழிலுக்கு ஒரு பேஜ் ஆரம்பித்தவள் அவள். முதல் ஒரு மாதம் விலைப்பட்டியலும், பூங்கொத்தோடு காலை வணக்கமும் போட்டாள். ஒன்பது லைக் வந்தது. ஏழு சொந்தக்காரர்கள், ஒன்று அவளே போட்டுக்கொண்டது. ஒன்பதாவது ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. 'அழுக்கைக் காட்டுங்க, ஜனங்க நின்னு பார்ப்பாங்க' என்று வகுப்பெடுத்தவர் சொன்னதை நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். யார் வீட்டு அழுக்கு என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

முந்தின நாள் மாலை "போனைக் குடுங்க அண்ணி, நல்ல படமா பொறுக்கறேன்" என்றாள். குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணி, "எதையாவது பண்ணு" என்று கொடுத்துவிட்டாள்.

பேஜில் ஏறியது இருபத்திரண்டு வினாடி வீடியோ. டீச்சர் வீட்டு சோபா, ஓரத்தில் மீன் தொட்டி, பூவேலை செய்த திண்டு. அடுத்து மெஷின் தொட்டியில் பழுப்பாகக் கொட்டும் தண்ணீர். கீழே, 'இது மேலதான் தினமும் உக்காந்திருக்காங்க.' பக்கத்தில் மூன்று சிரிக்கும் மூஞ்சி. காலைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

சோபாக்காரி ஈரக் கையோடு இரண்டு மாடி இறங்கினாள். டீச்சர் கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை. இடுக்கு வழியாகத் தன் போனை மட்டும் காட்டினார். குடும்ப குரூப்பில் அதே வீடியோ. போட்டவர் டீச்சரின் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. திண்டை வைத்து அடையாளம் கண்டுபிடித்திருந்தார். மேலே ஒரு வரி: 'எங்க வீட்டுக்காரரோட அண்ணனைப் பார்த்துக்கிட்ட லட்சணம்.'

டீச்சரின் கணவர் அந்த சோபாவில்தான் ஏழு மாதம் படுத்துக் கிடந்தார். அவர் போனபிறகுதான், இரண்டு மாதத்துக்கு முன், டீச்சர் அதைக் கழுவக் கூப்பிட்டார்.

"இப்பவே அழிச்சிடறேன் டீச்சர்."

"குரூப்ல பதினெட்டுப் பேரும் பார்த்தாச்சு. அவங்க மனசுலேர்ந்து எப்படி அழிப்ப?"

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் சிரித்த முகமாய் எதிரே வந்தாள். "நாப்பத்திரண்டு பேர் விலை கேட்டிருக்காங்க அண்ணி."

"அழி."

"ஒரு நாள் பொறுங்களேன். பேர் போட்டேனா, முகம் காட்டினேனா?"

"மீன் தொட்டி இருக்கு. திண்டு இருக்கு."

"அதை யாரு கவனிக்கப் போறா?"

"அந்த வீட்டுல உக்காந்து எழுந்தவங்க எல்லாரும் கவனிப்பாங்க. சிரிக்கிற மூஞ்சி எதுக்குடி போட்ட?"

"வகுப்புல சொன்னாங்க."

"வகுப்பெடுத்தவன் வீட்டு சோபாவைக் கொண்டா. அதுக்கு நான் போடறேன் சிரிக்கிற மூஞ்சி."

"நீங்கதானே எதையாவது பண்ணுன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அதுக்கு என்னை நானே அப்புறம் திட்டிக்கறேன். நீ இப்ப அழி."

வீடியோ போனது. கோபம் போகவில்லை. அந்த வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். தலைப்பக்கத் துணி தெரிந்த ஒரு படத்தில் கண் நின்றது. பிறகு டீச்சரைக் கூப்பிட்டு, "உங்க பேர் வராது. நான் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"கூட்டியும் சொல்லாதே, குறைச்சும் சொல்லாதே" என்றார் டீச்சர்.

வேலைச் சட்டையோடு சுவரோரம் உட்கார்ந்தாள். நாத்தனார் போனைப் பிடித்தாள்.

"நேத்து ஒரு வீடியோ போட்டோம். வீட்டுக்காரங்களைக் கேக்காம போட்டது எங்க தப்பு. அந்தப் பழுப்புத் தண்ணி எல்லா சோபாவுலயும் வரும். என் வீட்டுலயும் வரும். பஞ்சுக்குள்ள வருஷக்கணக்கா இறங்கின தூசி அது. வீடு எப்படின்னு பார்க்கணும்னா மேல்துணியைப் பாருங்க. அதுல ஒரு நோயாளி படுத்திருந்தாரு. தலை வைக்கிற பக்கம் துணி வெளுத்து நூல் தெரிஞ்சது. கவனிக்காம விட்டா துணி கறுக்கும். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைச்சாதான் இப்படி வெளுக்கும். மருந்துக் கறை இருந்தது, ஊட்டும்போது சிந்தின கறை இருந்தது. மூத்திர வாடை துளிகூட இல்ல. ஏழு மாசம் படுத்தவர் சோபாவுல அது இல்லன்னா, பக்கத்துல ஒருத்தர் கண் அசராம இருந்திருக்காங்க. அதைப் பார்த்துட்டு ஏளனமா பேசறவங்க, ஒரு நாளாவது வந்து அவருக்கு ஒரு வாய் ஊட்டினீங்களா?"

"கடைசி வரி வேணாம் அண்ணி, வம்பாயிடும்."

"ஆகட்டும். போடு."

மாலைக்குள் முந்நூற்றுப் பதினோரு பேர் பார்த்தார்கள். விலை கேட்டவர்களில் பாதிப் பேர் பதிலே இல்லாமல் போனார்கள். ஆறு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார்.

"நானே குரூப்ல போட்டேன். அவ பார்த்துட்டா. வாயைத் திறக்கல. என் கொழுந்தன் போன் பண்ணி அழுதாரு."

"சரிங்க டீச்சர்."

"நீ சொன்னது நியாயம். ஆனா இனிமே என் வீட்டுக்கு வேலைக்கு வராதே. அந்த மூணு சிரிப்பும் என் கண்ணைவிட்டுப் போகல."

"சரிங்க டீச்சர்."

வாசற்படியில் நின்று நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அவ்வளவு சொல்லியுமா அண்ணி?"

"நீ ஒண்ணும் பேசாதே" என்று சொல்லிவிட்டு, சோபாக்காரி மெஷின் தொட்டியைக் கழுவப் போனாள்.