ஆயிரத்து ஏழாம் எண்

பொய் சொன்னவனுக்கு எங்கள் வீட்டில் அன்று சாப்பாடு கிடையாது. அப்படி வளர்ந்தவன் நான். நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது, சொல்கிறேன். கூடவே இருந்து பார்த்தவள் என் தம்பி மகள். இன்றுவரை அவள் கீழ்த்தளத்துக்குத் தனியாகப் போவதில்லை.

மாடியில் வீடு, கீழே தொழில். பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் முந்நூறு கடைகளின் வெப்சைட்டுகளை வாடகைக்குக் குடிவைத்திருக்கிறோம். ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கூண்டு. கூண்டுக்குள் ஓடும் நிரலுக்குத் தன் கோப்புகள் மட்டுமே தெரியும். பக்கத்தில் ஆள் இருப்பது தெரியாது. தான் அடைபட்டிருப்பதும் தெரியாது.

அந்தக் கூண்டுகளைக் கட்டியவன் என் தம்பி. எல்லோருக்கும் அவன் ‘பூட்டு’. எந்தக் கதவைச் சாத்தினாலும் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டான். டக்... டக்... டக். காருக்கும் அதேதான், பிரிட்ஜுக்கும் அதேதான். “உள்ள யாரையாவது அடைச்சு வச்சிருக்கியாடா?” என்று கேலி செய்வேன். போன ஆண்டு மாரடைப்பில் போய்விட்டான்.

ஒரு சனிக்கிழமை போட்டோ ஸ்டுடியோக்காரர் வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“என் படங்களை யாரோ தொட்டுட்டுப் போறாங்க சார். தினமும் ஃபைல் தேதி மாறுது.”

“எங்க கூண்டுக்குள்ள அடுத்தவன் வர முடியாது.”

“கட்டினவர் வரலாமே. உங்க தம்பி கள்ளச்சாவி ஒண்ணு பண்ணி யார்கிட்டயோ கொடுத்துட்டுப் போயிட்டாருன்னு வெளியில பேச்சு. வேலியே பயிரை மேஞ்சா...”

அதற்கு மேல் பேசவிடவில்லை. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அவன் பெயருக்கு நான்தான் காவல். “திங்கட்கிழமை வாங்க. கள்ளச்சாவின்னு ஒண்ணு இருந்தா இந்தத் தொழிலையே இழுத்து மூடிடறேன்,” என்றேன்.

மறுநாள் பிற்பகல், மூன்று மணி இருக்கும். வீட்டுப் பெண்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நானும் தம்பி மகளும் கீழே இறங்கினோம். இப்போது தொழிலைப் பார்ப்பவள் அவள்தான். வெளியே நல்ல வெயில். சர்வர் அறையின் கண்ணாடிக் கதவு வழியாக வராந்தா முழுவதும் தெரிந்தது. யாரும் இல்லை.

ஸ்டுடியோக்காரரின் கூண்டுக்குள் நுழைந்தாள். அங்கே என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் கேட்டாள். ஒரு வரிதான் வர வேண்டும்.

இரண்டு வந்தன.

இரண்டாவதில் பெயர் இல்லை. வெறும் எண். 1007.

“பேரு ஏன் இல்ல?”

“கணக்கை அழிச்சாச்சுன்னா பேரு போயிடும் பெரியப்பா. நம்பர் மட்டும்தான் நிக்கும்.”

“யார் நம்பர்?”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“அப்பாவோடது.”

அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். வரி மறைந்தது. ஒரு சந்தேகத்துக்குப் பக்கத்துக் கூண்டைத் திறந்தாள். அது ஒரு வக்கீலுடையது. 1007. அடுத்தது பொம்மைக் கடை. 1007. நாங்கள் போகும் இடத்துக்கெல்லாம் அது எங்களுக்கு முன்னால் போய் நின்றது...

எங்களுக்குப் பின்னால், சர்வர் நிற்கும் இரும்பு அலமாரியில் ஒரு சத்தம்.

டக்... டக்... டக்.

“எலியா இருக்கும்,” என்றேன்.

“எலி எண்ணி மூணு தடவை இழுக்குமா பெரியப்பா?”

அடுத்த அலமாரி. டக்... டக்... டக்.

அதற்கடுத்தது.

எனக்கோ நினைப்பெல்லாம் நாளைக்கு வரப்போகிறவர் மேல்தான். இந்த எண்ணை அவர் பார்த்தால் என் தம்பி திருடன். அவன் மகள் திருடன் மகள்.

“அந்த நம்பர் இனி எதுவுமே ஓட்டக் கூடாது. தடை போடு.”

“பெரியப்பா, அது அப்பா...”

“போடு.”

அப்போது அறைக் கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் வெயில்தான் இருந்தது.

டக்.

நான் எழுந்து நின்றேன். “யாரு?”

டக்.

அவள் விசையை அழுத்தினாள்.

மூன்றாவது சத்தம் வரவில்லை. கைப்பிடி பாதி இறங்கியபடியே நின்றது. வெகு நேரம். பிறகு, யாரோ விரல்களை ஒவ்வொன்றாக எடுப்பதுபோல், மெல்ல மேலே ஏறியது.

அரை மணி நேரத்தில் தொலைபேசி அலறத் தொடங்கியது. வக்கீல், மருந்துக் கடை, ஸ்டுடியோக்காரர். எல்லோருடைய தளத்திலும் ஒரே கறுப்புப் பக்கம். பொம்மைக் கடையின் கூண்டில் ஏதோ ஒரு திருட்டு நிரல் ஒளிந்திருந்ததாம். அது வெளியே வந்து கண்டபடி எழுதிவிட்டது. இயந்திரத்தை நிறுத்தினோம். தம்பி மகள் பொழுது விடியும்வரை அலசினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

தம்பி இறந்த வாரம் கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்தி ஓட்டியிருக்கிறோம். அன்றே கூண்டுகளின் பூட்டு செயலிழந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பதினொரு மாதமாக அத்தனை கூண்டும் திறந்தே கிடந்திருக்கின்றன.

“தேதி மாறினது யாரும் திருடினதால இல்ல பெரியப்பா. அந்தத் திருட்டு நிரல் திறக்கத் திறக்க, 1007 ஒவ்வொரு ஃபைலா மூடிக்கிட்டே வந்திருக்கு. நாமதான் அதுக்குத் தடை போட்டுட்டோம்.”



ஸ்டுடியோக்காரர் வந்தபோது நின்றுகொண்டே சொன்னேன். “தப்பு எங்களது. பூட்டு வேலை செய்யாததை நாங்க பார்க்கல. நட்டத்தை நான் கொடுக்கறேன். ஆனா என் தம்பி கள்ளச்சாவி வைக்கல.”

தம்பி மகள் அச்சடித்து வைத்திருந்த பதிவுத் தாள்களை அவர் புரட்டிப் பார்த்தார். தலை குனிந்தது. “பேசினது தப்புதான் சார்,” என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“இத்தனை மாசமா யார் சார் மூடிக்கிட்டிருந்தது?”



கூண்டுகளுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. அந்த எண் மறுபடி கம்ப்யூட்டரில் வரவில்லை. அங்கே அதற்கு இனி வேலை இல்லை.

புதுப் பூட்டு போட்ட அன்று இரவு, படுத்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது. முதலில் சமையலறைக் கதவு. பிறகு தம்பி மகள் அறை. பிறகு எங்கள் அறை.

டக்...

எங்கள் கதவைத் தாழிட மறந்திருந்தேன். லேசாகத் திறந்துகொண்டது. வெளியே ஒருகணம் அமைதி. கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்.

காலையில் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. மனைவியும் சேர்ந்து தள்ளினாள். என் கைப்பேசி அடித்தது. தம்பி மகள்.

“பெரியப்பா, வந்து என் கதவைக் கொஞ்சம் திறங்க.”

“எங்களதும் திறக்கல.”

“அம்மா அறையும்தான்...”

எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.