மூன்று நிமிஷ டப்பா

ராம்பை அக்கா கெட்டவள் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவள் என்றால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகச் சோதனைகள் செய்கிறவள் அவள். நான் அங்கே குமாஸ்தா. காண்டாக்ட் லென்ஸைச் சுத்தம் செய்ய ஒரு டப்பா செய்தார்கள். மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே காற்று ஊதாவாக ஒளிரும், ஆனால் சுடாது. குளிர் பிளாஸ்மா என்பார்கள். மூன்று நிமிஷத்தில் கிருமி சாகும், லென்ஸ் உருகாது. குளம் குட்டைத் தண்ணீரில் ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும் அமீபா சாகத்தான் பத்து நிமிஷம் வேண்டும். முப்பது தடவை சோதித்து இதைக் கண்டவள் ராம்பை அக்காதான்.

டப்பாவைப் பார்க்க அதிகாரிகள் வந்த அன்று எங்கள் தலைவர் பேராசிரியர் விரோஜ், "மூணே நிமிஷம், எல்லாக் கிருமியும் காலி!" என்று முழங்கினார். அக்கா சோதனைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். டப்பாவையும் மூன்று நிமிஷத்துக்கே அமைத்துவிட்டார்கள். வீட்டில் பயன்படுத்திப் பார்க்க வாங்கிப்போனவர்களில் நானும் ஒருத்தி.

சோங்க்ரான் வந்தது, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி ஆடும் அந்த ஊர்ப் புத்தாண்டு. ஊரைச் சுற்றியுள்ள அகழித் தண்ணீரை வாளி வாளியாக முகத்தில் ஊற்றினார்கள். கண்ணில் லென்ஸோடுதான் ஆடினேன், டப்பா இருக்கிற தைரியம். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றி அதில் வைத்தேன். ஊதா வெளிச்சம் வந்து அணைந்தது. மறுநாள் மாட்டிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் இடது கண்ணில் வெள்ளை படர்ந்தது. அமீபா, இந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் அக்கா அந்தப் பத்து நிமிஷ உண்மையைச் சொல்லி அழுதாள்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"விருந்தாளிங்க முன்னாடி ஐயா முகத்துல கரியப் பூசச் சொல்றியாடி? அப்புறம் தனியாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"சொன்னியா?"

அவள் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"என் கண்ணைவிட அவர் முகம் பெருசாப் போச்சு உனக்கு. நாளைக்கு வரட்டும் அவர். யார் இருந்தாலும் நான் கேக்கத்தான் போறேன்."

மறுநாள் அவர் பழக்கூடையோடு வந்தார். கூடவே இரண்டு வெளியூர் விருந்தாளிகள். அக்கா ஓடிப்போய் நாற்காலி போட்டாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார்.

கேட்க வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் என் கைகள் தாமாகவே குவிந்து நெற்றிக்குப் போய்விட்டன.

"பரவாயில்லைங்க ஐயா. உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவளைத் திட்டும் வாய் அன்றோடு எனக்கு அடைத்துப்போனது.