ஆயுத பூஜை லட்டு

ஆயுத பூஜையன்று மட்டும் அப்பாவின் தொழிற்சாலைக்குள் குடும்பங்களை விடுவார்கள். ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு முன்பே வந்துவிடுகிற தீபாவளி அது. லேத் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கிரீஸ் வாடையின் மேல் சாம்பிராணி. ஆளுக்கொரு பொட்டலம்: பொரி, ஒரு லட்டு. அக்காவின் பொட்டலமும் என் கையில்தான்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, சர்க்கரை வியாதி. தினமும் அம்மா ஊசி போடுவாள். "திருட்டுத்தனமா இனிப்பு தின்னா வராம என்ன செய்யும்?" என்பாள் எதிர்வீட்டு அத்தை. ஊசியால் சர்க்கரை திடீரென்று இறங்கினால் இனிப்புதான் மருந்து. அது அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படி இறங்கினால் தின்ன அக்கா வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம் ஒருநாள் குழாயடியில் விழ, தெருவே சிரித்தது. பிறகு அவள் அதை எடுத்துவருவதே இல்லை. "நீதான்டா அவளுக்குக் காவல்" என்றாள் அத்தை என்னிடம். எட்டு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது?

அம்மா அப்பாவின் பிரிவில் பூஜைக்கு நின்றுவிட, நாங்கள் இருவரும் வெகுதூரம் சுற்றினோம். திடீரென்று அக்காவுக்கு வேர்த்தது; விரல்கள் நடுங்கின.

"டேய், அந்த லட்டக் குடுடா."

"மாட்டேன்."

"கண்ண இருட்டுதுடா... துளியூண்டு..."

பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டேன். எட்டிப் பிடிக்க வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

டீ வாளியோடு வந்த கேன்டீன்காரர் குனிந்தார். "இன்னா பாப்பா, மயக்கமா வருதா? இந்தா, டீ குடி."

நான் குறுக்கே பாய்ந்தேன். "வேணாம்! அவளுக்குச் சர்க்கரை வியாதி."

"ஐயய்யோ, நல்லவேள சொன்னே நைனா!" டம்ளர் பின்னால் போனது. இன்றைக்கும் எத்தனையோ முறை, தனியாக இருக்கையில், மனதுக்குள் அதை என் கையாலேயே பிடித்து அவள் உதட்டருகே கொண்டுபோய்ப் பார்க்கிறேன். எட்டுவதில்லை.

அம்மா எங்கிருந்தோ ஓடிவந்தாள். டம்ளரைப் பிடுங்கி, மடக்கு மடக்காகப் புகட்டினாள். மெல்ல மெல்ல அக்காவின் பார்வை திரும்பியது. அதற்குள் கூட்டம்.

"பெத்தவளே வெஷத்த ஊத்தலாமா? இவனுக்கு இருக்கற அறிவு கூட இல்லையே!" எதிர்வீட்டு அத்தை என் தலையைத் தடவினாள். அம்மா அக்காவின் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள். என்னைத் திட்டவில்லை.

வீட்டுக்கு நடக்கையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"பரவால்லக்கா, நீ லட்டு கேட்டத அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றேன், பெரிய மனது பண்ணி.

அவள் கையை விடவில்லை.