பஸ் திரும்ப இடம்

தர்மபுரியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய், பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வந்தால் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது இருபது வயது. பத்தாவது முடித்துத் தையலும் கற்றுக்கொண்டிருந்தேன். புளி மண்டியில் எடை போடும் அப்பாவிடம் பயந்து பயந்து கேட்டேன். அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"நம்ம நகருக்கு பஸ் வந்தா போ. இல்லாட்டி வேணாம்."

அவரைக் குறை சொல்ல முடியாது. நகர் என்று பெயர்தான், கம்பங்கொல்லையை மனை பிரித்து விற்ற இடம் அது. டவுன் பஸ் ரயில்வே கேட்டோடு திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு மைல், இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். பொழுது சாய்ந்தால் ஆண்களே துணை தேடி நிற்பார்கள்.

எங்கள் நகர் சங்கத் தலைவர் சிமெண்ட் கடை வைத்திருந்தவர். அதற்கு முன்பிருந்தே மாதம் தவறாமல் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவந்தார். முதலில் சாலை சரியில்லை என்றார்கள். நகராட்சியில் பணம் ஒதுக்கித் தார் போட ஒரு வருஷம் ஆனது. பிறகு, போதுமான ஜனம் இல்லை, டீசல் காசுகூட வராது என்றார்கள். தலைவர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார்.

"மருமவ மாசமா இருக்கறாளுங்க, அதையும் சேத்து எழுதிக்கோங்க," என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"அது வந்து டிக்கெட் எடுக்கட்டும், எழுதிக்கறேன்," என்றார் தலைவர்.

கடைசியாக அந்த மே மாதம், பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு வியாழக்கிழமை காலி பஸ்ஸைக் கொண்டுவந்து திருப்பிப் பார்ப்பார்கள். திரும்பினால் பஸ் எங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்த நகருக்கு. அந்த வருஷம் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பஸ்தான், இரண்டு நகரும் கேட்டிருந்தன.

நகரின் கடைசியில் நாலு மனை அளவுக்குப் பொது இடம் இருந்தது. அங்கே தாராளமாகத் திரும்பலாம். ஆனால் பஸ் முதல்முதலாக வருகிறதே, சும்மா விடுவோமா? முதல் நாளே அந்த இடத்தை அடைத்துப் பெரிய பந்தல் போட்டோம். வாசலில் வாழை மரம், உள்ளே நாற்காலி, ரேடியோ செட், ஓர் அண்டா கேசரி. விடியற்காலையில் நானும் போய்ப் பந்தலுக்கு முன்னால் பெரிய கோலமாகப் போட்டுவிட்டு வந்தேன். பஸ் எங்கே திரும்பும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பஸ் வந்து கோலத்துக்கு முன்னால் நின்றது. எல்லோரும் கை தட்டினோம். போக்குவரத்து அதிகாரி இறங்கினார்.

"திரும்பற இடம் எங்கீங்க?"

"இங்கதானுங்க!" என்று தலைவர் பெருமையாகக் கையை நீட்டினார். நீட்டிய கை பந்தலைக் காட்டியபடி அப்படியே நின்றுவிட்டது.

"பந்தல பிரிங்க," என்றார் அதிகாரி.

ஆரத்தித் தட்டோடு நின்ற தலைவரின் மனைவி முன்னால் வந்தார். "வரவேற்கப் போட்ட பந்தலுங்க. ஆரத்தி எடுக்கறதுக்கு முந்தி பிரிச்சா வெளங்குமுங்களா?"

"எடுத்துட்டே பிரிங்கம்மா."

பந்தல்காரர் தலையைச் சொறிந்தார். "குழி தோண்டி நட்டிருக்கறனுங்க. பிரிக்க மூணு மணி நேரம் ஆவுமுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு நான் அடுத்த நகர்ல இருக்கணும். இடமில்லன்னு எழுதிக்கறேன்." பேனா மூடியைக் கழற்றினார்.

வேறு ஓர் இடம் எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் நகராட்சித் தண்ணீர் லாரி தினமும் வரும். நாலு வீடு தள்ளி இருக்கும் ரேஷன் கடைச் சந்துக்குள் பின்பக்கமாக நுழைந்துதான் அது திரும்பிப் போகும். லாரி வருவதற்குள் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், அதனால் அவர்களுக்கு அது தெரியாது. பெண்களோ இப்போது பந்தல்காரரோடு சண்டையில் இருந்தார்கள். அதிகாரியிடம் போய்ப் பேச எனக்கு வாய் வராது. மெல்ல நழுவி டிரைவர் பக்கம் போய் நின்றேன்.

"அண்ணா..."

"என்னம்மா, கேசரியா?"

"இல்லீங்கண்ணா. தண்ணி லாரி ரேஷன் கடைச் சந்துல ரிவர்ஸ் போட்டுத் திரும்புமுங்க."

"லாரி சின்னது. பஸ்ஸு போவுமா?"

அடி, கஜமெல்லாம் அந்தப் பதற்றத்தில் மறந்துபோனது. "சந்து நீளத்துக்கும் நாப்பது குடம் ஒரே வரிசையா வெப்பமுங்க. லாரி உள்ள வந்தா இருவது குடத்த எடுத்துருவோம். மிச்சம் இருவது அப்படியே நிக்குமுங்க."

டிரைவர் சத்தமாகச் சிரித்தார். "குடத்துல அளக்கறயா! அப்பன்னா நம்ம வண்டிக்கு முப்பது குடம் போதும்." அவர் கதவைத் தட்டி, "சார், ஒரு நிமிசம் எழுதாதீங்க!" என்று கத்தினார். அதற்குள் நான் பெண்களுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அன்றைக்கு லாரி இன்னும் வரவில்லை. சந்து முழுக்கக் குடங்கள். பெண்கள் ஓடி ஓடி எடுத்தார்கள். பஸ் பின்பக்கமாக நுழைந்தது. "வரலாம், வரலாம்", "நில்லு, செவுரு!" என்று ஆளாளுக்குக் கண்டக்டர் ஆனார்கள். பஸ்ஸின் பின்னால் கூரைக்கு ஏறும் ஏணியில் யாரோ காயப்போட்ட வேட்டி மாட்டிக்கொண்டது. திரும்பி வெளியே வந்தபோது பஸ்ஸின் முதுகில் அது கொடிபோலப் பறந்தது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

பிறகு ஆரத்தி எடுத்தார்கள். அதிகாரி பந்தலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். "காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை தருவோம். ஜனம் ஏறினாத்தான் வண்டி நிலைக்கும், சொல்லிட்டேன்," என்றார்.

இருட்டுவதற்குள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மண்டிக்கே செய்தி போயிருந்தது. கை கால் கழுவிவிட்டு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"டவுன்ல இருந்து சாயங்கால வண்டி எத்தன மணிக்காம்?"

"ஆறரைக்குங்கப்பா. கடை ஆறு மணிக்கு மூடிருவாங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "மத்தியானத்துக்குச் சோறு கட்டிக்கிட்டுப் போவ இவளுக்கு ஒரு தூக்குப்போசி வேணுமே, இருக்குதா?" என்றார்.

பஸ் வர இரண்டு வாரம் ஆனது. முதல் நாள் முழுக்கப் பாய் கடையில் எனக்குப் பித்தான் வைக்கும் வேலைதான். மெஷினில் உட்கார இன்னும் ஒரு மாதம் போனது.