மாமாவின் மணிக்கூடும் தங்கூசி முடிச்சும்

கலியாணத்தன்று மாமனார் என் கையில் கட்டிவிட்ட மணிக்கூடு, துறைமுகத்துக்கு வந்த ஏதோ ஒரு கப்பல்காரனிடம் அவர் வாங்கியது. உருக்குச் சங்கிலிப் பட்டி, மடித்து அமத்தும் பூட்டு. சரியான நேரம் காட்டுவதில் அதற்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. எனக்கும் நேரத்துக்குப் போகவேண்டிய இடம் இருந்ததில்லை. ஒற்றுமையாகவே காலம் தள்ளினோம்.

போன மாதம் வாசிகசாலைக் கூட்டத்தில் தமிழின் பெருமையைக் கையை உயர்த்திப் பேசினேன். பூட்டுத் தெறித்து, மணிக்கூடு முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவரின் மடியில் விழுந்தது. அன்றைய பேச்சில் யாரையாவது எழுப்பியது அது ஒன்றுதான்.

திருத்தாமல் விட்டிருப்பேன். ஆனால் மனைவியின் தமையன் கனடாவிலிருந்து வருவதாக இருந்தது. அந்த மணிக்கூடு மகனுக்கு வந்திருக்கவேண்டியது, மருமகனுக்கல்ல என்பது அவருடைய நெடுங்கால ஆராய்ச்சியின் முடிவு. "பாவிக்கத் தெரியாட்டித் தாங்கோ மச்சான், நான் கொண்டுபோறன்" என்று தொலைபேசியிலும் விடமாட்டார். உடைந்த பூட்டைக் கண்டால் வேறு சாட்சி தேடமாட்டார்.

அவர் வருவதற்கு முதல் நாள்தான் எனக்குச் சுறுசுறுப்பு வந்தது. கடைத்தெருவில் மணிக்கூடு திருத்தும் கிண்ணியாக்காரர் பூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்க இருக்கிற ஊசி முறிஞ்சு போச்சு சேர். இந்த அளவு தேடித்தான் எடுக்கோணும். அடுத்த கிழமை வாங்க."

"நாளைக்குத் தேவை."

"அப்ப புதுப் பட்டி ஒண்டு போடுவமா?"

புதுப் பட்டியைப் போட்டால் மச்சான் பழையது எங்கே என்பார். மணிக்கூட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மணிக்கூடுகளின் வரலாற்றைத் தடித்த புத்தகத்தில் படித்தவனுக்கு ஓர் ஊசியா பெரிசு? புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இறக்கக்கண்டியில் தோணி வைத்திருப்பவர். வேலியோரம் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "தங்கூசி இருக்கேக்க ஊசி என்னத்துக்கு?" என்றார். மீன்பிடிக்கிற நைலோன் நூலைத்தான் அப்படிச் சொல்வது. அளவு பிழைக்கக்கூடாதென்று மணிக்கூட்டை என் கையில் போடவைத்து, ஊசி இருந்த துளைக்குள்ளால் நூலைக் கோத்து, பூட்டைச் சுற்றி இழுத்து முடிந்து, நுனியை நெருப்புக்குச்சியால் உருக்கினார். நூல் கண்ணுக்கே தெரியவில்லை.

"இனிச் சுறா இழுத்தாலும் அவிழாது."

"நான் அவிழ்க்கிறதெண்டால்?"

"அதை முதலே எல்லோ சொல்லியிருக்கோணும்!"

மறுநாள் மச்சான் வந்து கதிரையில் இருக்கமுன்னமே என் கையைப் பார்த்தார். "ஒருக்காக் கழட்டுங்கோ, பாப்பம்."

கழற்ற ஏலாது. ஆகவே கழற்றமாட்டேன் என்றேன். "மாமா தன்ர கையால கட்டிவிட்டது. நான் கழட்டுறேல்ல." மேடைப் பழக்கத்தில் குரல் தானாகவே தழுதழுத்தது. முடிச்சுக் கதை தெரிந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிப்போய் எதையோ கீழே போட்டாள்.

மச்சானின் கண் கலங்கிவிட்டது. "அப்பாவில உங்களுக்கு இவ்வளவு பற்றெண்டு தெரியாமப் போச்சே. இனி நான் அந்தக் கதையே எடுக்கமாட்டன்." இந்த மூளையை வைத்துக்கொண்டு கனடாவில் எப்படிப் பிழைக்கிறார் என்று உள்ளூரச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பின்னேரம் வரைக்கும்தான்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் தலை நனைக்காமல் திரும்பினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் போலும். எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சருங்கோ, மணிக்கூட்டைக் கழட்டி என்னட்டத் தாங்கோ, தண்ணி பட்டிடும்" என்றாள் மனைவி. முகத்தில் பச்சைப்பிள்ளைக் களை.

"விடு தங்கச்சி, அவர் கழட்டமாட்டார்" என்று எனக்காகப் பரிந்து பேசிய மச்சான், மாமனாரின் நினைவாக வாளி வாளியாக அள்ளித் தன் கையாலேயே என் தலையில் ஊற்றினார். நானும் பக்தியோடு குனிந்து நின்றேன். வேறு என்ன செய்ய ஏலும்?

கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. முள் ஒருமுறை துடித்துவிட்டு நின்றது. மச்சான் என் கையைப் பிடித்து, நீண்ட நேரம் பார்த்தார்.

"இது இனி உங்களுக்குத்தான் மச்சான்" என்றார், தாராளமாக.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன மாதிரி, முடிச்சு நிண்டு பிடிச்சுதோ?"

"ஓம்" என்றேன். "முடிச்சுக்கு ஒரு குறையும் இல்லை."