ஸ்டெல்லாவின் கோணல் பின்னல்

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவை மில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இஸ்திரி போட்ட சேலை, முகத்தில் பவுடர், தலையில் பிச்சிப்பூ... கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி வந்து நின்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் இது வழக்கம். டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் பெட்டியில் கிடக்கிற நல்ல சேலை வெளியே வந்துவிடும். பெரிய மனுஷரைப் பார்க்கப் போகிறோம் இல்லையா?

ஸ்டெல்லாவுக்கு இரண்டு வருஷமாக உடம்பெல்லாம் வலி. கழுத்து, தோள், இடுப்பு — இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. எவ்வளவு தூங்கினாலும் தூங்காதவளாகத்தான் எழுந்திருப்பாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வைத்த பெயர் ஃபைப்ரோசைட்டிஸ். மாமியார் வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

மில்லில் அவளுக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே அறுந்த நூலை முடிகிற வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற டாக்டர் சீட்டு வேண்டும். இனியும் லீவு போட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

போன மாதமும் சீட்டுக்குப் போனாள். "எப்படிம்மா இருக்க?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க சௌக்கியமா?" என்றிருக்கிறாள் இவள். மனுஷர் வேறென்ன எழுதுவார்? வேலைக்குத் தகுதி என்று எழுதிவிட்டார்.

"ஏளா, வலிக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று வழியில் கேட்டேன்.

"கேட்டவுடனே அழுது வடியவாக்கா முடியும்? மரியாதையா இருக்காதுல்லா."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றைக்கும் அதே கேள்வி. அதே பதில். டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் குறுக்கே புகுந்தேன்.

"டாக்டர், இவ பின்னலைக் கொஞ்சம் பாருங்க."

பூவுக்குக் கீழே பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு தொங்கியது.

"யாரும்மா பின்னிவிட்டது?"

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். வலியைச் சொல்லக்கூட அவளுக்கு இவ்வளவு கூச்சம் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு. கையத் தூக்க முடியல டாக்டர்."

புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். கிரேன் நேராகத்தான் போகிறதாம்.

டாக்டர் பேனாவை மூடினார். "சேலை தேச்சது?"

"அவருதான்."

"தண்ணி எடுப்பியா?"

"ரெண்டு குடம் எடுத்தா மறுநாள் எந்திரிக்க மாட்டேன். இன்னைக்கு இங்கன வரணும்னு நேத்து பூரா படுத்தே கிடந்தேன்."

"ஷிப்டுக்கு?"

"ஆறு மணி ஷிப்டுன்னா நாலு மணிக்கே எந்திரிச்சிருவேன். விரலு மடங்க அம்புட்டு நேரம் ஆவுது."

வலி எவ்வளவு என்று கேட்டால் நம்மவர்களுக்குச் சொல்ல வராது. காலையிலிருந்து என்ன செய்தாய், எதை விட்டுவிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள் — வரிசையாக வரும்.

டாக்டர் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"இனிமே எப்படி இருக்கன்னு வந்து சொல்லணும், என்னம்மா?"

ஸ்டெல்லா முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். "நல்லா இருக்கேன் டாக்டர்."

அவர் சீட்டைத் திருப்பிக் கேட்பதற்குள் அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.