அண்ணனின் நட்சத்திரச் சீட்டுகள்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்கள் கண்ணீர்க் கட்டுரையை எதிர்பார்ப்பீர்கள். எனக்கு இன்னும் எரிச்சலே தீரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ராதாபுரத்தில். தகப்பனார் அங்கே உபதேசியார். பெற்றவர்கள் இருவரும் போனபின், என்னை வண்டிகட்டிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிவந்து, உபாத்திச்சியாகும்வரை படிக்கவைத்தவர்கள் அண்ணன்தான். அவர்களுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கொடுத்த வாக்குத் தவறமாட்டார்கள். அத்தோடு நின்றிருக்கலாம். ஐரிஷ் பாதிரித்துரை ஒருவருக்கு எழுத்துவேலை பார்க்கப் போனார்கள்; அங்கேதான் வினை பிடித்தது.

ஐரிஷ் மொழியும் வேல்ஷ் மொழியும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளாம். தாயான பழைய கெல்ட் மொழி செத்து எத்தனையோ காலமாம். தலையை ஐரிஷ்காரர் 'கென்' என்கிறார், வேல்ஷ்காரர் 'பென்' என்கிறார். அப்படியானால் தாய்க்காரி 'க்வென்' என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று அண்ணன் அந்த இரண்டு சொல்லின் சீட்டுகளுக்கும் பக்கத்தில் மூன்றாவது சீட்டில் எழுதி, சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"யாரும் காதால கேட்ட சொல் இல்லட்டி. பிள்ளைங்க பேசுதத வச்சு, தாய் இப்படித்தான் பேசியிருக்கணும்னு சொல்லுதோம். அதுக்குத்தான் நட்சத்திரம்" என்றார்கள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

துரை சீமைக்குப் போனபிறகும் விடவில்லை. கடைசிக் காய்ச்சலிலும் அதே பேச்சு: "சீட்டெல்லாம் துரைக்கு அனுப்பிரு. கலைச்சிராத."

கலைத்தது நான்தான். அடக்கத்தன்று வந்தவர்களுக்கு இடம் வேண்டி மேசையை ஒழித்தேன். சொல்லுக்கு மூன்று மூன்றாகக் கிடந்த சீட்டுகளை, வகுப்புவாரியாக நோட்டு அடுக்கிப் பழகிய என் கை, ஐரிஷ் ஒரு கட்டு, வேல்ஷ் ஒரு கட்டு, நட்சத்திரம் ஒரு கட்டு என்று அழகாகக் கட்டிவைத்துவிட்டது. சீட்டில் பொருளாவது, எண்ணாவது போட்டிருந்தார்களா? அதுவும் இல்லை. எதற்கு எது ஜோடி என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. என்ன மனிதர் ஐயா!

வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும், துரையின் பழைய கடிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, இங்கே 'க' என்றால் அங்கே 'ப' என்று பிடித்துப் பிடித்துச் சேர்த்தேன். திட்டிக்கொண்டேதான் சேர்த்தேன். போன வாரம் தூத்துக்குடியில் சீட்டுப் பெட்டி துரைக்குக் கப்பல் ஏறியது. ஏற்றிவிட்ட துறைமுகத்து மாமாவுக்கும், காய்ச்சலில் கைவிடாத டாக்டரம்மாவுக்கும், எனக்கும் சேர்த்து உலைவைத்த தச்சநல்லூர்ச் சித்திக்கும் நன்றி.

என்மேல் பாசம் என்று அண்ணன் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. ராதாபுரத்திலிருந்து வண்டிகட்டி வந்ததையும், காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்த அன்றும் "நீ சாப்ட்டியாட்டி" என்று கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் காதால் கேளாததால், அவர்கள் முறைப்படியே எழுதுகிறேன்:

*தங்கச்சிமேல் உயிரையே வைத்திருந்தார்கள்.